சைலன்சர் மூட்டில் கசிவா? பசைக்கு முன் வெர்னியரை எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் ஒரு யோசனைக் குறிப்பு வந்திருந்தது. பைக்கின் பெண்ட் பைப்பும் (என்ஜினிலிருந்து வளைந்து வரும் புகைக்குழாய்) சைலன்சரும் சேரும் இடத்தில் புகை கசிந்தால், அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசி ஒரு மணி நேரம் விட்டால் போதும் என்றது அந்தக் குறிப்பு. தாராளமாகப் பூசுவதும் தவறு, ஒரு மணி நேரக் கணக்கும் தவறு. எந்த வகை மூட்டுக்கு இந்த வைத்தியம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. கசிவு ஏன் வந்தது என்று பார்க்காமல் பசை பூசினால் இரண்டு வாரத்தில் மறுபடி ஊதும். அப்போது பழைய பசையைச் சுரண்டும் வேலையும் கூடச் சேரும்.

100, 110 சிசி வண்டிகள் பலவற்றில் பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டாகப் பற்றவைக்கப்பட்டு வரும். அங்கே ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும் சொருகு மூட்டே கிடையாது. சத்தம் வந்தால் என்ஜின் ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் பேக்கிங்கைத்தான் பார்க்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்று பைப் தனி, சைலன்சர் தனி என்று வரும் வண்டிகளிலும், வெளியில் வாங்கிப் போடும் சைலன்சர்களிலும்தான் சொருகு மூட்டு வரும். அதிலும் மூன்று வகை உண்டு. சைலன்சர் வாயில் நீளவாக்கில் வெட்டு விட்டு மேலே கிளாம்ப் போட்டு இறுக்குவது ஒன்று. உள்ளே கிராஃபைட் வளையம் வைத்து இறுக்குவது இன்னொன்று. கொக்கியும் ஸ்பிரிங்கும் மட்டும் இழுத்துப் பிடிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலில் கசிவு அங்கேதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடு ஏறியதும் குறைந்துவிட்டால் பெரும்பாலும் அது ஹெட் பக்கத்துப் பேக்கிங். சொருகு மூட்டில் போனால் புஸ் புஸ் என்று ஊதும், ஆக்சிலரேட்டரைத் திருகத் திருகக் கூடும். மூட்டின் விளிம்பில் கரிக்கோடும் விழுந்திருக்கும். சந்தேகம் இருந்தால் குளிர்ந்த வண்டியைத் திறந்த வெளியில் வைத்து ஸ்டார்ட் செய்து, ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் திருகாமல்) ஓடவிட்டு, தடித்த ஈரத்துணியை நான்காக மடித்து, கையுறை போட்ட கையால் சைலன்சரின் பின்வாயில் 2, 3 விநாடி மட்டும் அழுத்திப் பாருங்கள். மூட்டுகள் சரியாக இருந்தால் என்ஜின் திணறி அணையப் பார்க்கும். கசிவு இருந்தால் அது இருக்கும் இடத்தில் சீறும். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

என்ஜினை ஓட்டாமலும் பார்க்கலாம். காற்று ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைப் பின்வாயில் துணி சுற்றி வைத்து ஊதவிட்டு, மூட்டின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பக்கம் குமிழி அதிகம் என்பதையும் குறித்து வையுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி வந்தால் மூட்டு லூஸ். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பைப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது வாய் நசுங்கியிருக்கிறது.

கொஞ்சம் ஊதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சைலன்சருக்குள் புகை ஒரே சீராகப் போவதில்லை. வால்வு திறக்கும்போதெல்லாம் ஒரு அழுத்த அலையாகப் போகிறது. இரண்டு அலைகளுக்கு நடுவே பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்த நேரத்தில் கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிலரேட்டரை விட்டதும் எரியாத பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து பட் பட் என்று வெடிப்பது இதனால்தான். ஹெட்டுக்குப் புதுக்காற்று அனுப்பும் ஏர் இஞ்செக்‌ஷன் வால்வு பழுதானாலும் இதே வெடிச்சத்தம் வரும். ஆகவே அதன் ஹோஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பெரும்பாலானவற்றில், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். சென்சாருக்கு முன்னாலோ, அதற்குச் சற்றுப் பின்னாலோ காற்று புகுந்தால், பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று அது தவறாகச் சொல்லும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழுந்ததற்கு இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவுகிறவர்கள், பைப்பைக் குனிந்து பார்ப்பதில்லை.

இனி அளவு. மூட்டைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்துவிட்டு, பெண்ட் பைப் முனையின் வெளிவிட்டத்தையும் சைலன்சர் வாயின் உள்விட்டத்தையும் வெர்னியரால் (மி.மீ.-இன் பின்னம் வரை காட்டும் அளவுகோல்) மூன்று திசையில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் குழாய் முட்டை வடிவில் நசுங்கியிருக்கிறது. அதை நேராக்காமல் எந்தப் பசையும் நிற்காது. விட்டங்களின் வித்தியாசம் 0.3 மி.மீ. வரை இருந்தால் நல்ல கிளாம்பும் மெல்லிய பூச்சும் போதும். அதற்கு மேல் 0.8 மி.மீ. வரை, இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு சுற்றலாம். 1 மி.மீ.-ஐத் தாண்டிவிட்டால் லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் புஷ் (இடைவெளியை அடைக்கும் குட்டைக் குழல்) கடைந்து போடுவது, அல்லது அந்த அளவுக்கான கிராஃபைட் வளையம் தேடுவது, இந்த இரண்டுதான் வழி.

ஷிம் சுற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. விட்டத்தில் 0.6 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. 0.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டை ஒரே சுற்று சுற்றினால் பக்கத்துக்கு 0.1 மி.மீ. மிஞ்சும், கிளாம்ப் அதை இறுக்கிக்கொள்ளும். தகட்டின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அந்தப் படியின் ஓரமாகவே புகைக்கு நிரந்தர வழி கிடைத்துவிடும். குளிர்பான டின்னை வெட்டிச் சுற்றும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அந்த அலுமினியத் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் உள்ளது, 660 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகும். ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

சைலன்சர் வாயில் நீளவாக்கில் விடப்பட்டிருக்கும் வெட்டுகளைப் பலரும் கவனிப்பதில்லை. கிளாம்பை இறுக்கும்போது வாய் சுருங்கிப் பைப்பைக் கவ்வ வேண்டும் என்பதற்காக வைத்தவை அவை. பெண்ட் பைப்பின் முனை அந்த வெட்டு முடியும் இடத்தைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். வெட்டு 30 மி.மீ. என்றால் பைப் குறைந்தது 45 மி.மீ. இறங்க வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால் கிளாம்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் வெட்டு வழியாகப் புகை நேரே வெளியே வரும். அதைக் கிளாம்ப் லூஸ் என்று நினைத்து முறுக்கி முறுக்கி போல்ட்டை உடைப்பார்கள். கழற்றிய கையோடு பைப்பின் மேல் 45 மி.மீ.-இல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், மாட்டும்போது அந்தக் கோடு மறைந்ததா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வெட்டே இல்லாத மூட்டிலும் பைப்பின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது உள்ளே இருப்பது நல்லது.

கிளாம்பைப் பொறுத்தவரை, பட்டையாகச் சுற்றிவரும் பேண்ட் கிளாம்ப்தான் சரி. லாரி, கார்களில் போடும் யூ போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கிப் பள்ளம் போட்டுவிடும். கசிவு நிற்கலாம், ஆனால் அடுத்த முறை பைப் வெளியே வராது. பட்டைக் கிளாம்பின் வாய், சைலன்சரின் வெட்டுக்கு நேராக வராமல் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே வரட்டும். 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு பொதுவாகப் போதும். கம்பெனி சொல்லும் அளவு கையில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முறுக்கி முடித்ததும் கிளாம்பின் இரண்டு காதுகளுக்கும் நடுவே கொஞ்சமாவது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். காதுகள் ஒட்டிக்கொண்டால் கிளாம்ப் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருக்கிறது, குழாயை அல்ல. கிளாம்ப் பெரிது, அல்லது உள்ளே இடைவெளி பெரிது என்று அர்த்தம்.

கிராஃபைட் வளையம் வரும் வண்டியில் கதை வேறு. கம்பி வலைக்குள் கிராஃபைட்டை அழுத்திச் செய்த குட்டையான குழல் அது. உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் என்று மூன்று அளவு சொல்லித்தான் கேட்க வேண்டும். பாகத்தின் நம்பரைக் கொடுத்து வாங்குவது இன்னும் நல்லது. ஒருமுறை அழுத்தப்பட்ட வளையம் மறுபடி விரியாது. ஆகவே சைலன்சரைக் கழற்றினாலே புது வளையம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பழையதை வாய்க்குள்ளிருந்து ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்து, எமரி தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். புது வளையத்தை முதலில் சைலன்சர் வாய்க்குள் விரலால் சமமாக உட்கார வைத்துவிட்டு, பிறகு பைப்பை இடமும் வலமும் திருகியபடி நுழையுங்கள். பைப்பின் மேல் வளையத்தை மாட்டிக்கொண்டு மொத்தமாகத் தள்ளினால் ஓரம் மடிந்து கிழிந்துவிடும். பைப் முனையில் பிசிறு இருந்தால் அரத்தால் முன்கூட்டியே தேய்த்துவிட வேண்டும். எண்ணெய், கிரீஸ், சிலிக்கான் எதுவும் இதற்கு வேண்டாம். வளையம் உலர்ந்தே மாட்டப்பட வேண்டும். கிராஃபைட் தீயில் உருகாது, ஆனால் 450 டிகிரிக்கு மேல் காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல எரிந்து கரையும். மூட்டு சிறிது லூஸாக இருந்தாலே காற்று உள்ளே போய் வளையம் சீக்கிரம் தேய்வதற்கு இதுதான் காரணம்.

பசைக்கு வருவோம். கடையில் மூன்று விதம் கிடைக்கும். எம்-சீல் போன்ற எபாக்சி வகை வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கானது; 100 டிகிரி சுமாருக்கு மேலே போனால் தளர்ந்து கருகும், இங்கே அதற்கு வேலையே இல்லை. சிலிக்கான் தொடர்ச்சியாக 250, 260 டிகிரி தாங்கும். செம்பு நிறத்தில் வருவது சிறிது நேரத்துக்கு 370 டிகிரி வரை சமாளிக்கும். மூன்றாவது, சோடியம் சிலிக்கேட் கலந்த சிமெண்டு மாதிரியான எக்சாஸ்ட் பசை. இது 1,000 டிகிரி வரைகூடத் தாங்கும், ஆனால் காய்ந்ததும் கல்லாக இறுகி, அதிர்வில் விரிசல் விடும். ஹெட்டிலிருந்து வெளிவரும் புகை முழு வேகத்தில் 700 டிகிரியையும் தாண்டும். சைலன்சர் மூட்டுக்கு வருவதற்குள் குழாயின் சுவர் பெரும்பாலும் 200 முதல் 400 டிகிரிக்குள் இருக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஒட்டி மூட்டு இருந்தால் அதைவிடச் சூடு. ஆகவே ஹெட்டுக்கு அருகே சிலிக்கான் என்ற பேச்சே கூடாது. பின்னால் தள்ளி இருக்கும், அசைவுள்ள மூட்டுக்குச் சிலிக்கான். சூடு அதிகமாக இருந்து, கிளாம்ப் அசையாமல் பிடிக்கும் மூட்டுக்கு எக்சாஸ்ட் பசை.

எவ்வளவு பசை தேவை என்பதற்கும் கணக்கு உண்டு. 38 மி.மீ. பைப்பின் சுற்றளவு சுமார் 120 மி.மீ. அதன் மேல் 2 மி.மீ. தடிமனில் ஒரே ஒரு சுற்று இழுத்தால் அரை மில்லி லிட்டர்கூட ஆகாது. அதற்கு மேல் பூசுவதெல்லாம் உள்ளே பிதுங்கும். பிதுங்கிய சிலிக்கான் சூட்டில் கருகித் துண்டு துண்டாகப் பெயர்ந்து, சைலன்சரின் உள் துளைகளில் போய் உட்காரும். சிலிக்கான் ஆவி பட்டால் ஆக்சிஜன் சென்சாரின் மேல் சிலிக்கா படிந்து அது செத்துப்போகும். சென்சாருக்கு முன்னால் இருக்கும் மூட்டில் சிலிக்கான் போடவே வேண்டாம். மற்ற இடங்களிலும், சென்சாருக்குப் பாதிப்பில்லாதது என்று டியூபில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவு டியூப்களைத் தவிர்ப்பது நல்லது.

பூசும் இடமும் முக்கியம். பைப், வாய் இரண்டையும் 80 அல்லது 120 நம்பர் எமரி தாளால் தேய்த்துத் தின்னரால் துடைத்து உலர விடுங்கள். பசையைப் பெண்ட் பைப்பின் வெளிப்புறத்தில், முனையிலிருந்து 10 முதல் 15 மி.மீ. தள்ளிப் பூச வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே தள்ளும்போது மிச்சம் வெளியே வழியும், துடைத்துவிடலாம். சைலன்சர் வாயின் உட்புறத்தில் பூசினால் பைப் அதை அப்படியே வழித்துக்கொண்டு உள்ளே போகும். சிலிக்கான் சில நிமிடங்களில் ஆடை கட்டத் தொடங்கிவிடும். அதற்குள் நுழைத்துத் திருகி இறுக்கி முடித்துவிட வேண்டும். அது காய்வது காற்றின் ஈரத்தால். இரண்டு குழாய்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட பசைக்கு அந்த ஈரம் ஓரத்திலிருந்துதான் போய்ச் சேரும். ஒரு மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். 24 மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள்.

எக்சாஸ்ட் பசைக்கு முறை நேர்மாறு. அதற்கு முன் இரண்டு குழாய்களையும் ஈரத்துணியால் லேசாக நனைக்க வேண்டும். பூசி, மாட்டி, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, 10 நிமிடம் ஐடிலில் மட்டும் ஓடவிட்டு அணைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மாட்டிய உடனே வேகமாக ஓட்டினால் பசையிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழியிட்டு, இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக இறுகிவிடும்.

ஸ்பிரிங் போட்ட மூட்டு அசைந்து கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. அதில் எக்சாஸ்ட் பசை ஒரே பயணத்தில் உடையும். செம்பு நிறச் சிலிக்கானை விரலால் ஒரு படலம் தடவினால் போதும். பொருத்தம் நன்றாக இருந்தால் அதுவும் தேவையில்லை. சூட்டில் தளர்ந்து சுருள்கள் விலகி நிற்கும் ஸ்பிரிங்கை மாற்றிவிட வேண்டும். மாட்டும்போது கண்ணாடி அணிந்து, கொக்கிக் கருவியால் இழுங்கள். கட்டிங் பிளேயரிலிருந்து வழுக்கிய ஸ்பிரிங் நேரே முகத்துக்குத்தான் வரும்.

பைப் ஒரு உலோகம், சைலன்சர் வேறு உலோகம் என்றால் சூட்டில் பொருத்தம் மாறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 38 மி.மீ. குழாய் 300 டிகிரி சூடேறினால் ஸ்டெயின்லெஸ் ஏறத்தாழ 0.19 மி.மீ. விரியும், சாதா இரும்பு 0.14, டைட்டானியம் 0.10. உள்ளே ஸ்டெயின்லெஸ், வெளியே இரும்பு என்றால் சூட்டில் இன்னும் இறுகும், நல்லது. உள்ளே இரும்பு, வெளியே ஸ்டெயின்லெஸ் என்றால் குளிரில் சரியாக இருந்துவிட்டுச் சூட்டில் ஊதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டை விட்டுவிட்டுத் தாங்கியைப் பாருங்கள். சைலன்சரை வண்டியின் சட்டகத்தோடு (ஃபிரேம்) பிடிக்கும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ்ஷும் அதற்குள் ஒரு இரும்பு காலரும் இருக்கும். ரப்பர் தேய்ந்தோ, காலர் தொலைந்தோ போயிருந்தால் சில கிலோ எடையுள்ள சைலன்சர் முழுக்க மூட்டிலேயே தொங்கி ஆடும். மாட்டும் வரிசையும் தவறிவிடக் கூடாது. எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, தாங்கியின் ஓட்டை இழுக்காமலே நேருக்கு நேர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பைப்பைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். போல்ட்டைக் கொண்டு இழுத்துச் சேர்த்தால் அந்த இழுவிசை, பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட்டின் (மரைக் கம்பி) மேல் விழும். முதலில் பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள், அடுத்துத் தாங்கி, கடைசியில் கிளாம்ப். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே செல்லும்.

கழற்றும்போது துரு பிடித்துக்கொண்டால் டபிள்யூடி-40 போன்ற எண்ணெயைக் குளிர்ந்த மூட்டில் அடித்து, ஒரு இரவு ஊறவிட்டுத் திருகி எடுங்கள். சைலன்சரைச் சுத்தியால் அடித்தால் உள் தடுப்புகள் கழன்று, அப்புறம் ஆயுசுக்கும் கடகடக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் மூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால் இந்தப் பாடு இல்லை. மூட்டையே வெல்டிங் வைத்து ஒட்டிவிடுங்கள் என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். சில வண்டிகளில் பின்சக்கர ஆக்சிலை உருவவே சைலன்சரைக் கழற்றியாக வேண்டும். பழைய பட்டறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றும் பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். கண்ணாடி இழைக் கயிறு கிடைக்கிறது.

சத்தம் கூடினால் சட்டமும் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், ஒலி, புகை வரம்பை மீறும் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. கசியும் மூட்டோடு மாட்டிக்கொண்டவர், நான் சைலன்சரை மாற்றவில்லை என்று சாலையில் நின்று வாதாடிப் பயனில்லை.

மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, குளிர்ந்த நிலையில் கிளாம்ப் போல்ட்டை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். புது வளையம் அழுந்தியிருக்கும், கால் சுற்று ஏறும். சைலன்சரின் அடியில் 2, 3 மி.மீ. அளவில் ஒரு சின்னத் துளையிலிருந்து கருப்புத் தண்ணீர் சொட்டினால் அதைக் கசிவு என்று எண்ணிப் பசையால் அடைத்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் குளிர்ந்து தங்குவது வெளியேறக் கம்பெனியே போட்ட துளை அது. கரி அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
ஈரோடு.